ரத்தினபாய் வீட்டுச் சிம்மாசனம்

ரத்தினபாய் வீடா? இதே தெருதான் தம்பி. கடைசி வீடு, ஓடையை ஒட்டி, நீலக் கேட். ஆனால் இந்த மழையில் போகாதீர்கள். குழாய் வேலை நடந்த இடத்தில் மண் இன்னும் இறுகவில்லை. போன வாரம் கேஸ் சிலிண்டர் வண்டி அச்சுவரை புதைந்துவிட்டது. மேலே வாருங்கள். குடையை வராந்தாவிலேயே விரித்து வையுங்கள், உள்ளே சொட்ட வேண்டாம்.

ஆமாம், மனுப் போட்டது நான்தான். தேவசேனை. கையெழுத்து என்னுடையதுதான், சந்தேகம் வேண்டாம். அவள் வீட்டு செப்டிக் டேங்கை மூடி முத்திரை வைக்கச் சொல்லி எழுதியிருந்தேன். இவ்வளவு சீக்கிரம் ஆள் அனுப்புவார்கள் என்று நினைக்கவில்லை. எதற்கெல்லாமோ மனுப் போட்டிருக்கிறேன், தெருவிளக்குக்கு, நாய்க்கு, ஒலிபெருக்கிக்கு. ஒருவரும் வந்ததில்லை. இதற்கு மட்டும் வந்துவிட்டீர்கள்.

உட்காருங்கள். மழை விடட்டும், நானே வந்து வீட்டைக் காட்டுகிறேன். மனுவில் எல்லாவற்றையும் எழுத முடியவில்லை. பொதுச் சுகாதாரம் என்று எழுதினேன். அது பொய் இல்லை. ஆனால் தெருவில் யாரிடமாவது விசாரித்தால், அந்த அம்மாவுக்குப் பொறாமை சார் என்று சொல்லுவார்கள். எனக்கு என்ன பொறாமை? அவளிடம் என்ன இருக்கிறது? ஓட்டு வீடு, ஒரு காது கேட்காது, துணைக்கு ஒரு கிளிகூடக் கிடையாது. நான் அதிகம் பேசுகிறவள் இல்லை. ஆனால் ஒரு விஷயத்தை இரண்டு பக்கமும் கேட்டுவிட்டுச் செய்வதுதானே முறை?

டீ போடட்டுமா? சர்க்கரை? சரி.

நீங்கள் அந்த ஓடை வேலையில் இருந்தவர் இல்லையே? இருந்திருந்தால் முகம் தெரிந்திருக்கும். அன்வர் என்று ஒரு இஞ்சினியர்தான் இங்கே நின்று செய்தார். எங்கள் தெருக் கழிவெல்லாம் எப்படிப் போகிறது தெரியுமா? தெருவுக்கு அடியில் ஓடி, ரத்தினபாய் வீட்டு முனையில் ஆழமாக இறங்கி, ஓடைக்கும் கீழே புகுந்து, அக்கரையில் ஏறி, பம்பிங் ஸ்டேஷனுக்குப் போகிறது. அந்தக் குழாய் வந்த வருஷம் நாங்கள் எல்லோரும் எங்கள் எங்கள் செப்டிக் டேங்கை உடைத்து மண் போட்டு மூடினோம். கல்யாணம் மாதிரி இருந்தது. மூடின இடத்தில் நான் ஒரு செம்பருத்தி வைத்தேன். அதோ, ஜன்னலுக்கு வெளியே நனைகிறதே, அதுதான்.

ரத்தினபாய் வீட்டுக்காரர் மட்டும் இணைப்பு வாங்கவில்லை. கட்டட மேஸ்திரி அவர். நாகர்கோவில் பக்கம். "ரோட்ட வருசத்துக்கு வருசம் ஒசத்துகான். எங்க வீடு பள்ளத்துல கெடக்கு. இணைச்சா ஊர்ல உள்ளதெல்லாம் எங்க வீட்டுக்குள்ள வரும்" என்று சொல்லிவிட்டார். ஓடை பெருகினாலும் தொடாத உயரத்துக்கு மேடை எழுப்பி, அதில் தொட்டியைக் கட்டி, அதற்கும் மேலே கக்கூஸ் கட்டினார். கொல்லையில் படி ஏறிப் போக வேண்டும். கோபுரம் மாதிரி நிற்கும். தெருவில் அதற்குச் சிம்மாசனம் என்று பெயர். யார் வைத்த பெயர் என்று கேட்காதீர்கள். நான் தமிழ் இலக்கியம் படித்தவள், பெயர் வைப்பது எனக்குச் சுலபமாக வரும்.

மேஸ்திரி போய்ச் சேர்ந்துவிட்டார். அவள் தனியாக இருக்கிறாள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தவள். ஊரார் பேச்சைக் கேட்டே சம்பளம் வாங்கினவள் தம்பி. அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

இந்த ஐப்பசியில் பெய்ததே, அந்த மழையில் ஓடை கரை தெரியாமல் ஓடியது. மேலே எங்கோ இடிந்துகிடந்த பழைய பாலத்தின் கல் உருண்டு வந்திருக்கிறது. தண்ணீர் அடிமண்ணை அரித்துக் குழாயை வெளியே காட்ட, கல் வந்து இடித்திருக்கிறது. அதெல்லாம் பிறகு தெரிந்தது. எங்களுக்கு முதலில் தெரிந்தது சத்தம்தான். பாத்ரூமில் யாரோ வாய் கொப்பளிக்கிற மாதிரி ஒரு சத்தம். போய்ப் பார்த்தால் கீழே போக வேண்டியது மேலே வந்துகொண்டிருக்கிறது. எங்கள் வீட்டில் மட்டுமில்லை, எல்லா வீட்டிலும். தெரு வாட்ஸ்அப்பில் ஒருவர் மாற்றி ஒருவர் போடுகிறார்கள்: யாரும் தண்ணீர் ஊற்றாதீர்கள், யாரும் ஃப்ளஷ் பண்ணாதீர்கள். அதற்குக் கீழேயே ஒருவர் காலை வணக்கம் ரோஜாப்பூவும் போட்டிருந்தார்.

அன்வர் வந்தார். நல்ல பிள்ளை. "குழிக்குள்ள ஆளை இறக்க மாட்டோம்மா, கேமராவைத்தான் இறக்குவோம்" என்றார். மோட்டார் வைத்து இறைத்துவிட்டு, ஒரு சின்ன வண்டியில் கேமராவைக் கட்டி உள்ளே விட்டார்கள். வேனுக்குள் டிவி. தெருவே குடை பிடித்துக்கொண்டு சுற்றி நின்று பார்த்தது. எங்கள் தெருவின் வயிற்றை நாங்களே பார்த்தோம். வட்டமாக இருட்டு, இருட்டு, இருட்டு. பிறகு குழாயின் மேல்பக்கம் பிளந்து, ஓடைத் தண்ணீர் திரைச்சீலை மாதிரி விழுந்துகொண்டிருந்தது. அந்தத் திரைக்கு முன்னால் ஒரு கெளுத்தி மீன், வழி தப்பி வந்த விருந்தாளி போல, மீசையை ஆட்டிக்கொண்டு எங்களைப் பார்த்தது.

"குழம்புக்கு ஆச்சு கடாட்சம் சார்" என்றான் மாடிவீட்டு மோகன்ராம். என் வீட்டுக்காரர் பெயர் சிவகடாட்சம். துறைமுக அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் சிரித்தார். அவர் சிரித்தது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. திரும்பிப் பார்த்தால், பக்கத்தில் ரத்தினபாய் நின்று சிரித்துக்கொண்டிருக்கிறாள். நாற்காலி போட்டு அவளை முன்னால் உட்கார வைத்ததும் அவர்தான். எனக்குக் குடை பிடிக்க ஆள் இல்லை.

அன்று மாலையே அவள் ஒவ்வொரு வீடாக வந்து சொன்னாள். "எங்க வீட்ல ஒண்ணும் அடைக்கல. வேலை முடியுத வரைக்கும் எல்லாரும் வாங்க. கெணத்துல மோட்டார் தாங்காது, அதனால ஆளுக்கொரு வாளி தண்ணி கொண்டாந்திருங்க. வேற ஒண்ணும் வேண்டாம்."

அந்த டேங்கைத்தானே நாங்கள் இத்தனை வருஷம் மூடு மூடு என்று சொன்னோம். சங்கக் கூட்டத்தில் தீர்மானம்கூடப் போட்டோம். இப்போது அந்தத் தீர்மானம் போட்டவர்கள் எல்லோரும் காலையில் ஆளுக்கொரு வாளியோடு அவள் கேட்டில் நின்றார்கள். சங்கத் தலைவர் ஒரு பித்தளைக் குடத்தோடு நின்றார். மாடிவீட்டு மோகன்ராம் குளிர்பான பாட்டிலில் தண்ணீர் கொண்டுவந்து திருப்பி அனுப்பப்பட்டான். கதவில் சிவப்புத் துணி தொங்கினால் உள்ளே ஆள் இருக்கிறது என்று அர்த்தம். வயதானவர்கள் முதலில், பிறகு பெண்கள், பிறகு ஆபீஸ் போகிறவர்கள். அவள்தான் சட்டம், அவள்தான் நீதிபதி. பத்து வருஷமாக அவளிடம் பேசாத கோமதிகூட ரத்தினாக்கா, ரத்தினாக்கா என்று கூப்பிட்டாள். மல்லிகைப் பூ வாங்கிக்கொண்டு போனாள் தம்பி. கக்கூஸுக்குப் போகப் பூ!

நான் போகவில்லை.

ஏன் போக வேண்டும்? பெரிய சாலையில் ஒரு ஜவுளிக் கடை இருக்கிறது. நாலாவது மாடியில் பெண்களுக்கு நல்ல வசதி, பளிங்குத் தரை, கை உலர்த்துகிற மிஷின். ஆட்டோ வைத்துக்கொண்டு போவேன். சும்மா போய்விட்டு வர மனசு இடம் கொடுக்குமா? ஒவ்வொரு தடவையும் ஏதாவது வாங்குவேன். அந்த மழைக்காலத்தில் நான் வாங்கின கைக்குட்டைகளை அந்த பீரோவில் பாருங்கள், ஒரு பட்டாளம் அழுதாலும் போதும். கடைசியில் அந்த விற்பனைப் பெண்ணே, "பாட்டி, கைக்குட்டை அப்புறம் எடுக்கலாம், மொதல்ல மேல போய்ட்டு வாங்க" என்றாள். அதிலிருந்து தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டேன். டாக்டர் திட்டினார். மானம் என்று ஒன்று இருக்கிறதே.

என் வீட்டுக்காரர் போனார். எங்கள் பச்சை வாளியை எடுத்துக்கொண்டு போனார். கைப்பிடி உடைந்து கயிறு கட்டின வாளி. நல்ல வாளி இருக்கிறதே, எடுத்துப் போங்கள் என்றேன். "இது போதும்" என்றார். எங்கள் வீட்டில் அவர் பேசுகிறதில் பாதி இந்த இரண்டு வார்த்தைதான். இது போதும். மீதிப் பாதி, சரி.

போனவர் வர வேண்டாமா? போன காரியத்துக்கு எவ்வளவு நேரம் ஆகும்? அவர் வருவதற்குள் எனக்கு இட்லி ஆறி, சட்னி ஆறி, பேப்பர்க்காரன் வந்து போய், வெயில் மாடிக்கே வந்துவிடும்.

மாடியிலிருந்து பார்த்தால் அவள் கொல்லை தெரியும். நடுவில் ஒரு வீடுதான், அதுவும் பூட்டிக் கிடக்கிறது. அதற்காக நான் மாடிக்குப் போகவில்லை. துணி காயப்போடப் போவேன். மழைக்காலத்தில் என்ன துணி என்று அவர்கூட ஒருநாள் கேட்டார். அவர் கேட்டதும் ஆச்சரியம்தான்.

தெரு முனையில் அப்போது வேலை மும்முரம். ஓடையில் மேலேயும் கீழேயும் மணல் மூட்டை அடுக்கி அணை கட்டி, நடுவில் இருந்த தண்ணீரை வடித்தார்கள். எங்கள் கழிவு வெளியே போக வேண்டுமே? அதற்கு முனையில் இருக்கிற குழியில் பெரிய டீசல் பம்புகளை வைத்து, நடைப்பாலத்துக் கம்பியோடு கம்பியாகத் தற்காலிகக் குழாய் கட்டி, அக்கரைக் குழிக்கு இறைத்தார்கள். குளிக்கிற, பாத்திரம் கழுவுகிற தண்ணீரைத்தான் அது தாங்கும், கக்கூஸை மட்டும் யாரும் தொடாதீர்கள் என்று சொல்லிவிட்டார்கள். அந்தப் பம்புகள் ரத்தினபாய் வீட்டு வாசலிலேயே ஓடின. காது கேட்காது. பக்கத்தில் நிற்கிறவரிடம் பேசக்கூடக் கத்த வேண்டும். ஒருநாள் பெருமழையில் அணை உடைந்து, தோண்டின பள்ளமெல்லாம் நிரம்பிவிட்டது. அன்வர் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார். ரத்தினபாய் போய் அவர் தோளில் ஒரு துண்டைப் போட்டாள். என் வீட்டுக்காரர் அவருக்குக் காபி கொண்டுபோய்க் கொடுத்தார். என் வீட்டில் ஒரு டம்ளரைக் கழுவி வைத்தது கிடையாது இந்த மனிதர்.

மாடியிலிருந்து பார்ப்பேன். அவள் கொல்லையில் முருங்கை மரத்தடியில் இரண்டு நாற்காலி. ஒன்றில் அவர். ஒன்றில் அவள், நல்ல காதை அவர் பக்கம் திருப்பிக்கொண்டு. அவர் பேசிக்கொண்டே இருப்பார் தம்பி. கையை ஆட்டி ஆட்டி. நிறுத்துவார், மேலே பார்ப்பார், மறுபடியும் பேசுவார். பம்புச் சத்தத்தில் எனக்கு ஒரு சொல் கேட்காது. ஊமைப் படம். என்னிடம் பேசாத இந்த மனிதருக்கு அவளிடம் பேச இவ்வளவு எங்கே இருந்தது? எந்தத் தொட்டியில் சேர்த்து வைத்திருந்தார்?

அப்படி என்னதான் பேசுகிறீர்கள் என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்ல. சும்மா" என்றார்.

சும்மா என்றால் கையை ஏன் ஆட்டுகிறீர்கள்?

"சரி" என்றார்.

எதற்கு சரி? இப்படித்தான். நான் கல்லூரியில் படிக்கிறபோது கவிதை எழுதுவேன். மேடையில் வாசித்திருக்கிறேன், பரிசு வாங்கியிருக்கிறேன். கல்யாணமாகி வந்த புதிதில் இந்த மாடியில் உட்கார்ந்து அவருக்குச் சொல்லிக் காட்டுவேன். அப்போது ஓடை இவ்வளவு மோசமில்லை, நாரை வரும். ஒருநாள் அவரே ஒரு கவிதையைத் திருப்பிச் சொன்னார். நடுவில் தப்பான இடத்தில் மூச்சு விட்டார். அங்கே நிறுத்தக்கூடாது, ஒரு சொல் முன்னாலேயே நிறுத்த வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தேன். மறுபடியும் சொன்னார், மறுபடியும் தப்பு. மறுபடியும் திருத்தினேன். திருத்தாமல் விட முடியுமா? அதற்குப் பிறகு அவர் சொல்லிக் காட்டவே இல்லை. ரசனை இல்லாத மனிதர், என்ன செய்வது. நானும் எழுதுவதை விட்டுவிட்டேன். எழுதி வைத்திருந்ததும் பல வருஷம் முன்னால் வந்த ஒரு பெரிய வெள்ளத்தில் கீழ் அலமாரியோடு கூழாகிவிட்டது. எனக்கே இப்போது ஒன்றும் நினைவில்லை. அது கிடக்கட்டும். எதற்குச் சொல்ல வந்தேன்?

ஆமாம், இணைக்கிற நாள்.

உடைந்த துண்டை வெட்டி எடுத்து, புதுக் குழாயை இறக்கித் தயாராக வைத்துவிட்டார்கள். இரண்டு முனையையும் பொருத்துகிறபோது மேலிருந்து ஒரு சொட்டு வரக்கூடாது. அதனால் அன்று காலை தெருவில் யாரும் எந்தக் குழாயையும் திறக்கக் கூடாது, அந்த நேரத்தில் பம்பையும் நிறுத்தப் போகிறோம் என்று அன்வர் வீடு வீடாகச் சொல்லிவிட்டுப் போனார். தெரு வாயில் கிரேன் லாரி குறுக்கே நிற்கிறது. ஆட்டோ வராது. நடந்து போகலாம் என்றால் முழங்கால் அளவு சேறு. எனக்கோ அன்று வயிறு சரியில்லை. முந்தின நாள் குடித்த மோர்தான் காரணம். எவ்வளவு நேரம் தாங்குவேன் தம்பி? எழுபது வயதில் மானமும் உடம்பும் ஒரே பக்கம் நிற்பதில்லை.

நல்ல வாளியை எடுத்துக்கொண்டேன். தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு போனேன். அவர் காலையிலேயே போய்விட்டிருந்தார். கேட்டைத் திறந்தது அவள்தான். ஏதாவது குத்திக் காட்டுவாள் என்று பதில்கூட யோசித்து வைத்திருந்தேன். அவளோ, "என்னத்துக்கு வெளிய நிக்கீங்க, வாங்கக்கா" என்று கையிலிருந்த வாளியை வாங்கிக்கொண்டு முன்னால் படி ஏறினாள். அவர் மரத்தடியில் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார், பம்புச் சத்தத்தில் நாங்கள் ஏறினது அவருக்குத் தெரியவில்லை. கதவுக்குப் பக்கத்தில் ஒரு மாடம். அதில் உறை பிரிக்காத சந்தன சோப்பு, மடித்து வைத்த புதுத் துண்டு.

"இது உங்களுக்குன்னு எடுத்து வச்சது. வேற யாரையும் தொட விடல" என்றாள்.

பாருங்கள், எவ்வளவு அழுத்தம்! நான் என்றைக்காவது ஒருநாள் வந்துதான் ஆக வேண்டும் என்று முதல் நாளிலிருந்தே கணக்குப் போட்டுக் காத்திருந்திருக்கிறாள். சோப்பு வாங்கி வைத்துக் காத்திருந்திருக்கிறாள்!

உள்ளே போய் உட்கார்ந்தேன். உயரம்தான். மேலே ஒரு சின்ன வென்டிலேட்டர், அதில் முருங்கை இலை அசைகிறது. வெளியே பம்புகள் உறுமிக்கொண்டிருந்தன. திடீரென்று ஒன்று நின்றது. பிறகு இன்னொன்று. பிறகு எல்லாமே. தம்பி, அத்தனை நாள் அந்தச் சத்தத்தில் இருந்துவிட்டு அது நின்றபோது காது வலித்தது. தெருவில் ஒரு குழாய் சொட்டவில்லை. ஓடைக்குள் யாரோ இரும்பைத் தட்டுகிற ஓசை மட்டும். அந்த அமைதிக்குள், பம்பு நின்றது தெரியாமல், அதே உரத்த குரலில் என் வீட்டுக்காரர் சொல்லிக்கொண்டிருந்தார்.

வாசலைத் தொட்டுத் தொட்டுப் போகிறாய் ஓடையே,
உள்ளே வா என்றால் மட்டும் உனக்கு...

நிறுத்தினார். அதே இடத்தில். நாற்பத்தைந்து வருஷம் கழித்தும் அதே தப்பான இடத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு, பிறகு சொன்னார்.

கடல் நினைவு வருகிறது.

என் கவிதை. கூழாய்ப் போன கவிதை. நான் எங்கே உட்கார்ந்துகொண்டு அதைக் கேட்கிறேன் பாருங்கள்.

குரல் தெருவுக்கே கேட்கிறது என்று அவருக்கு அப்புறம்தான் உறைத்திருக்கும். தணித்துக்கொண்டார். அவள் கேட்டாள், "இத்தன பாட்டையும் எனக்குச் சொல்லுகீங்களே சார், அக்காகிட்டச் சொல்லப்படாதா?"

"சொன்னா திருத்துவா" என்றார்.

இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் உள்ளே இருப்பதை அவள் அவரிடம் சொல்லவே இல்லை. வேண்டுமென்றே சொல்லவில்லை. நான் கேட்க வேண்டும் என்பதற்காகத்தான் அந்தக் கேள்வியையே கேட்டாளோ என்னவோ. ஆபரேட்டர் புத்தி, இந்த முனையை அந்த முனையோடு இணைக்கிற புத்தி.

உங்களுக்குப் புரிகிறதா என் வேதனை? அவர் அவளிடம் சினிமா பேசியிருந்தால், அரசியல் பேசியிருந்தால், என்னைப் பற்றிக் குறைகூடச் சொல்லியிருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பேன். என் கவிதையை எடுத்துக்கொண்டுபோய், எனக்கே இல்லாமல் போனதை எடுத்துக்கொண்டுபோய், அவளுக்குக் கொடுத்திருக்கிறார். ஒரு காது கேட்காதவளுக்கு! எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்றுகூடத் தெரியாதவளுக்கு.

நான் படி இறங்கி வந்தபோது அவர் என்னைப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. நான் வாளியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். என் வாளியை. பச்சை வாளி அங்கேயே கிடந்தது.

சாயங்காலத்துக்குள் வேலை முடிந்தது. புதுக் குழாயைச் சுற்றிக் கான்கிரீட் போட்டு, மண்ணை மூடி, அணையைப் பிரித்து ஓடையை விட்டார்கள். எங்கள் பாத்ரூமில் தண்ணீர் ஒரு பெருமூச்சு மாதிரிச் சத்தத்தோடு கீழே போனது. தெருவில் பட்டாசு வெடித்தார்கள். பிள்ளையார் கோயில் மண்டபத்தில் பாராட்டு விழா வைத்தார்கள். அன்வருக்கு ஒரு சால்வை, ரத்தினபாய்க்கு ஒரு சால்வை. தமிழ் படித்தவர்கள் என்று ரத்தினபாய்க்குச் சால்வை போட என்னைக் கூப்பிட்டார்கள். போட்டேன். நாலு நல்ல வார்த்தையும் பேசினேன். கை தட்டினார்கள். அவரும் தட்டினார். யாருக்குத் தட்டினார் என்று தெரியவில்லை.

சரி, அதோடு முடிந்ததா? முடியவில்லையே! மறுநாள் காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்புகிறார்.

எங்கே? நம் வீட்டில்தான் சரியாகிவிட்டதே?

"பச்சை வாளிய அங்கேயே விட்டுட்டேன். எடுத்துட்டு வரேன்."

போனார். வெயில் மாடிக்கு வந்த பிறகு வந்தார். கையில் வாளி இல்லை.

"மறந்துட்டேன்."

அடுத்த நாள் மறுபடியும். வாளி. மறுபடியும் மறந்துவிட்டார். கார்த்திகை போய் மார்கழியும் பிறந்துவிட்டது தம்பி, இன்னும் மறந்துகொண்டிருக்கிறார். அந்த மனிதருக்குத் துறைமுகத்தில் எந்தக் கப்பல் எந்த வருஷம் வந்தது என்று இன்றைக்கும் தெரியும். கயிறு கட்டின ஒரு வாளி மட்டும் தினமும் மறந்துபோகிறது.

அதனால்தான் எழுதினேன். ஒரு வேகத்தில் எழுதினேன். அந்தச் சிம்மாசனத்தை இடித்துவிட்டால், தொட்டியை மூடிவிட்டால்... என்ன ஆகும் என்று அப்போது யோசிக்கவில்லை. என்ன ஆகும் தம்பி? முத்திரை வைத்தால், புது இணைப்புக் கொடுக்க எவ்வளவு நாள் பிடிக்கும்? ஒரு மாதமா? பள்ளமான வீடு என்றால் அதற்கும் மேலேயா? அதுவரைக்கும் அவள் எங்கே போவாள்?

பார்த்தீர்களா, அதைத்தான் நேற்று அவரும் கேட்டார். மனுப் போட்டது யார் என்று அவருக்குத் தெரியாது. ஆபீஸிலிருந்து ஆள் வரப்போகிறது என்று மட்டும் யாரோ சொல்லியிருக்கிறார்கள். சாப்பிடுகிறபோது அவராகவே வாயைத் திறந்து பேசினார், முழுசாக ஒரு வாக்கியம். "அப்படி ஏதாவது ஆச்சுன்னா அவங்க நம்ம வீட்டுக்கு வரட்டும். மாடி பாத்ரூம் சும்மாத்தானே இருக்கு."

என் வீட்டுக்கு! காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, என் படி ஏறி, என் சோப்பைத் தொட்டு. நான் அவளுக்கென்று ஒரு புதுத் துண்டு மடித்து வைக்க வேண்டும், இல்லாவிட்டால் அவள் செய்தாள் நான் செய்யவில்லை என்று ஆகும். பிறகு இந்த ஹாலில் அவள் உட்காருவாள், இவர் எதிரில் உட்காருவார். அப்போது அவர் பேசுவாரா? பேச மாட்டார். நான் இங்கே இருக்கிறேனே. இது போதும், சரி, அவ்வளவுதான். அவளும் நானும் இவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

இன்னொன்று. இதை உங்கள் ஆபீஸில் சொல்ல வேண்டாம். இப்போது பம்பு இல்லை. காலையில் நான் மாடியில் துணி காயப்போடுகிறபோது காற்று ஓடைப் பக்கத்திலிருந்து வந்தால் கொஞ்சம் கேட்கும். காதில் விழுகிறதை என்ன செய்வது? அவளுக்காக உரக்கத்தான் சொல்கிறார். தினம் ஒன்று சொல்கிறார். நேற்று ஒன்று சொன்னார்:

மழை விட்டதும் காக்கை
தன் கறுப்பை உதறிப் பார்க்கிறது.

நான் எழுதினதா என்று எனக்கே சந்தேகம். கொடிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். பிறகு மெதுவாக நினைவு வந்தது. இரண்டாம் ஆண்டு, விடுதி ஜன்னல். நான்தான் எழுதியிருக்கிறேன். இன்னும் எத்தனை வைத்திருக்கிறாரோ. அந்த ஓடைக் கவிதையை முந்தாநாள் மறுபடி சொன்னார். அங்கேயேதான் நிறுத்தினார். அப்படி நிறுத்தினால் கடல் கொஞ்சம் தாமதமாக வருகிறது. கேட்கிறவளுக்கு, வருமா வராதா என்று ஒரு கணம்... தப்புதான். தப்பை நான் சரி என்று சொல்லவில்லை.

மழை விட்டுவிட்டது போலிருக்கிறது.

இல்லை, நான் வரவில்லை. நீங்களும் போக வேண்டாம். போய்ப் பார்த்ததாக எழுதிக்கொள்ளுங்கள். தொட்டி உயரத்தில் இருக்கிறது, கசிவு இல்லை, ஓடையில் கலக்கவில்லை. அதெல்லாம் உண்மைதான், அந்த மேஸ்திரி நன்றாகத்தான் கட்டியிருக்கிறார், நான் உட்கார்ந்து பார்த்தவள் சொல்கிறேன். அவசர காலத்தில் தெருவுக்கே உதவுகிறது என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். மறுபடியும் குழாய் உடைந்தால் நாங்கள் எங்கே போவது? மனுப் போட்டவள் என்ன சொன்னாள் என்று கேட்டால், வயதானவள், வீடு மாற்றிச் சொல்லிவிட்டாள் என்று சொல்லுங்கள். கையெழுத்துப் போட வேண்டுமா? கொடுங்கள், போடுகிறேன். அந்த மனுவைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன் என்றுதானே எழுத வேண்டும்?

பொறாமை இல்லை தம்பி. பொறாமைக்காரி இப்படிச் செய்வாளா?

குடையை மறந்துவிடாதீர்கள். ஒன்று மட்டும் செய்யுங்கள். இந்தப் பக்கமாகத் திரும்பி வராமல், நடைப்பாலம் வழியாகப் போவீர்களானால், அந்த நீலக் கேட்டில் ஒரு குரல் கொடுங்கள். கொல்லையில் ஒரு பச்சை வாளி கிடக்கும், கயிறு கட்டினது. அதை எடுத்துக் கொடுத்து அனுப்பச் சொல்லி...

வேண்டாம். வேண்டாம், விடுங்கள். வாளி அங்கேயே இருக்கட்டும். அது இங்கே வந்துவிட்டால், நாளைக் காலையில் அந்த மனிதர் எதை மறப்பார்?